அடுத்த வகுப்பின் வாய்ப்பாடு

மாஹிம் ரயில் நிலையத்தில் மேற்கே இறங்கினால் தர்கா, மாதா கோயில், கடல். கிழக்கே இறங்கினால் நாங்கள். தோல் பட்டறை வாடையும் கும்பார்வாடா சூளைப் புகையும் கலந்து முகத்தில் அடிக்கும் தாராவிப் பக்கம். எங்கள் முனிசிபல் ஸ்கூல் அங்கேதான் இருந்தது. இன்று பாளையங்கோட்டையில் சொந்த வீடு, கொல்லையில் முருங்கை, குழாயைத் திறந்தால் தாமிரபரணித் தண்ணீர். பம்பாயில் தண்ணீர் வரிசையில் நின்ற காலமெல்லாம் அப்பா ஏங்கியது இதற்குத்தான். எனக்கு வாய்த்துவிட்டது. மனசுதான் இங்கே ஒட்டவில்லை.

அந்தப் பள்ளியின் சத்தம் இங்கே இல்லை. ஒரே கட்டடத்தில் தமிழ், மராத்தி, இந்தி, உருது என்று தனித்தனிப் பிரிவுகள். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது என்பது பெரியவனான பிறகு தெரிந்த விவரம். அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் நடுவில் இருந்த மெல்லிய தடுப்பு மட்டும்தான். நாங்கள் "ஈரெண்டு நாலு" என்று இழுக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து "பே ஏக்கே பே, பே துணே சார்" என்று வரும். நாங்கள் குரலை உயர்த்துவோம், அவர்களும் உயர்த்துவார்கள், விட்டுக்கொடுக்க மனமில்லாமல் இரண்டு வகுப்பும் தொண்டை வறளக் கத்திக்கொண்டே மேலே மேலே போய், எங்கள் வரிசையில் ஒருவன் தன்னையறியாமல் மராத்தியில் விடை சொல்லிவிடுவான். அந்த வாய்ப்பாடு எனக்கு இன்னும் மனப்பாடம். சொன்னால் கேட்க இங்கே ஆளில்லை.

அந்தச் சத்தத்தில் எங்கள் டீச்சரின் குரலும் உண்டு. நாசரேத் பக்கத்துக்காரர். "சத்தமா வாசி ல, அந்த வகுப்புக்கும் கேக்கட்டும்" என்பார். ஜூன் மழையில் சாக்பீஸ் நமத்துப்போய்க் கரும்பலகையில் வழுக்கும். அவர் மட்டும் இரண்டு துண்டைப் பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றி, சாப்பாட்டு டப்பாவின் மூடிமேல் வைத்திருப்பார், சோற்றுச் சூட்டில் காயட்டும் என்று. மழைக்காலம் முழுக்க எங்கள் பலகையில் மட்டும் எழுத்து வெள்ளையாக விழுந்தது. அவர் காலமாகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். யார் சொன்னார்கள் என்பதுகூட மறந்துவிட்டது.

தைப்பொங்கலுக்கு 90 அடி சாலை நெடுக அடுப்பு மூட்டுவார்கள். எங்கள் தூக்குவாளி மராத்திப் பிரிவுக்குப் போகும். சங்கராந்தி எள்ளுருண்டையான தில்குள் அங்கிருந்து வரும். டிசம்பரில் தர்கா உரூஸுக்குப் பத்து நாள் மாஹிம் மேளா. உருதுப் பிரிவுப் பையன்களோடு ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கி ஓடுவோம். கையில் இருக்கும் சில்லறைக்கு ஒரே ஒரு மாஹிம் அல்வா. தகடு போலச் சதுரமாக, துண்டுக்குத் துண்டு காகிதம் வைத்தது. அதை ஆறாகக் கிழித்துத் தின்போம். இங்கே பஸ் ஏறினால் இருட்டுக்கடை அல்வா. நெய் சொட்டச் சொட்ட எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம். பங்குக்குத்தான் யாரும் வருவதில்லை.

1993 ஜனவரியின் பம்பாய்க் கலவரம் ஓய்ந்து பள்ளி திறந்தபோது சில பெஞ்சுகள் காலியாக இருந்தன. ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். எந்த ஊர் என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

எங்கள் தமிழ்ப் பிரிவு ஏழாம் வகுப்போடு முடிந்தது. பிறகு ஆளுக்கொரு திசை. சிலர் 90 அடி சாலை காமராஜர் பள்ளியில் ஆங்கிலத்துக்குப் போனார்கள், சிலர் இந்திக்கு. சிலர் நேராகப் பட்டறைக்கு. உங்களுக்கும் இப்படி ஒரு வகுப்பு இருந்திருக்கும். கடைசி நாளன்று, இதுதான் கடைசி நாள் என்று தெரியாமலே கலைந்துபோயிருப்பீர்கள்.

இப்போது தாராவியே கலையப் போகிறது. மறுசீரமைப்புக்கான ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வேறு இடம். கழிப்பறை உள்ள வீடு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் அம்மா விடிவதற்கு முன் வரிசையில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் மேல்மாடிக்காரன் பிள்ளை ஒரு மூலைக்கும் தரைத்தளத்துப் பிள்ளை இன்னொரு மூலைக்கும் போனால், தமிழ்ப் பிரிவில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? ஆங்கிலத்துக்குப் போனது போக மீதி இருப்பவர்களே கொஞ்சம்.

மாஹிம் கிழக்கில் இன்னும் இருக்கும் சொந்தங்களே, உங்கள் வீட்டுக்கு எத்தனை சதுர அடி என்று கேட்கும்போதே, தமிழ்ப் பிரிவு எந்தக் கட்டடத்தில், எத்தனை வகுப்பறையில் வரும் என்றும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.