நிறம் போனாலும் உப்பு போகாது

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் இறங்கினால் வைகுண்டப் பெருமாள் கோயில் நடக்கிற தூரம்தான். கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலைத் தேர்தலைப் பற்றிப் படிக்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். விவசாயி கவனிக்க வேண்டிய செய்தியும் அதிலேயே இருக்கிறது: ஏரி வாரியத்துக்கு 6 பேர், பதவிக்காலம் 360 நாள். வயிரமேகத் தடாகம் என்ற பெரிய ஏரி இன்றும் இந்த ஊரின் நெல்லுக்கு ஆதாரம்.

அன்று வாரியத்தின் கவலை கரையும் வண்டலும். இன்றைய கவலையைப் பார்க்க வடக்கே திருமுக்கூடலுக்குப் போக வேண்டும். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் அங்கே கூடுகின்றன. இதில் வேகவதி காஞ்சிபுரம் நகரைத் தொட்டு வருகிறது. நகரத்துக் கழிவுநீரோடு பட்டுச் சாயத் தண்ணீரும் அதில் கலந்து வந்திருக்கிறது. மணல் ஆற்றில் ஊறுவது கரையோரக் கிணற்றுக்கும் வந்து சேரும்.

பட்டு நூலை முதலில் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை நீக்குவார்கள். பிறகு வெந்நீரில் அமிலச் சாயம் ஏற்றுவார்கள். நூலில் ஒட்டாத சாயம் தண்ணீரிலேயே நிற்கும். செயற்கைச் சாயம் எளிதில் மட்காது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்களால் அதைச் சீக்கிரம் சிதைக்க முடியாது.

இதைப் பிடிக்க ஒரு வழி, நுண்துளைகள் நிறைந்த பாலிமர் மணிகள். பார்வைக்குக் கடுகு போல இருக்கும். உள்ளே தேன்கூடு போலத் துளைகள். அமிலச் சாயத்துக்கு எதிர்மின் தன்மை உண்டு. நேர்மின் தன்மை கொண்ட மணிகளை உருளையில் நிரப்பித் தண்ணீரை விட்டால், சாயம் மணியில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் தெளிந்து வரும். மணி நிறைந்ததும் உப்புக் கரைசல் அல்லது காரக் கரைசலால் கழுவி மறுபடி பயன்படுத்தலாம். ஒரு முறை நிறைந்தால் தூக்கி எறியும் கரித்தூளைவிட இது மேல். ஆனால் கழுவிய கரைசலில் சாயம் அடர்த்தியாக இருக்கும். அதையும் முறைப்படி அகற்ற வேண்டும். வாய்க்காலில் விட்டால் பட்ட பாடு வீண்.

"தண்ணீர் தெளிந்துவிட்டால் பாய்ச்சலாமா?" என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. தெளிவை மட்டும் நம்பிப் பாய்ச்சக் கூடாது. மணிகள் சாயத்தைப் பிடிக்கும். கரைந்த உப்பை நீக்காது. திருப்பூரில் பருத்திச் சாயத்துக்கு உப்பு ஏராளமாகத் தேவைப்பட்டது. நொய்யலில் 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கு உதவாத சாயக்கழிவுத் தேக்கமானது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பிறகு, உப்பையும் பிரித்துத் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு அங்கே மாற வேண்டியதாயிற்று.

வேகவதி, பாலாற்றுக் கரையோர விவசாயிகள் செய்ய வேண்டியது எளிது. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் அலசிய பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, அன்றே மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மின்கடத்தும் திறன் 0.75 டெசிசீமன்ஸுக்குக் கீழே என்றால் பெரும்பாலான பயிருக்குக் கவலையில்லை. 2.25ஐத் தாண்டினால் சாதாரண நிலத்துக்கு ஆகாது. உளுந்தும் பச்சைப்பயறும் முதலில் அடிபடும். கோடையில் ஒரு முறை, மழை முடிந்து ஒரு முறை சோதித்துச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். நாளை புகார் கொடுக்க நேர்ந்தால் அந்தச் சீட்டுதான் சாட்சி.