துளையைச் சுற்றி மூன்று அங்குலம்

ஆழ்வார்பேட்டையில் எல்டாம்ஸ் சாலையை ஒட்டிய சந்தில், இரண்டு அடுக்குமாடிகளின் சுற்றுச்சுவர்களுக்கு நடுவே ஒரு மரப்பட்டறை இருக்கிறது. தகரக் கூரை, வாசலில் எப்போதும் இழைப்புச் சுருள். எங்கள் ஊஞ்சல் பலகையை அங்கே இறக்கியபோது மேஸ்திரி மேல்பக்கத்தைப் பார்க்கவேயில்லை. "திருப்பிப் போடுங்க" என்றார்.

பழைய வீட்டை இடித்துக் குடியிருப்பு எழும்பிய இரண்டு வருடமும் அந்தப் பலகை சாக்கு சுற்றிக் கிடந்தது. ஆறடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அங்குலக் கனத்தில் தேக்கு. அம்மாவின் கல்யாணத்தில் ஊஞ்சல் பாட்டுப் பாடியது இதைச் சுற்றித்தான். மேலே நான்கு மூலையிலும் பித்தளைத் தாமரை. அடியில் நான்கு சின்ன இரும்பு வாஷர்கள். அதில் ஒன்று மரத்துக்குள் பாதி புதைந்துவிட்டிருந்தது. துளை முட்டை வடிவத்துக்குப் போய், மர ரேகையோடு நான்கு அங்குலம் விரிசல் ஓடியிருந்தது.

"பாரம் பூரா அடியிலதாம்மா நிக்குது. மேல பூ வெச்சவங்க கீழ ஒரு தகடு வெச்சிருக்கலாம்" என்றார். உலக்கை பிளக்காமல் இருக்கப் பூண் போடுகிறோமே, அதே வேலைதான் இதற்கும் என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று பேர், பலகை எல்லாம் சேர்த்து 200 கிலோ என்றால் மூலைக்கு 50 கிலோ. 30 பாகை வரை வீசி ஆடினால் கீழே வரும் கணத்தில் அது 63 கிலோவைத் தாண்டும். 12 மி.மீ. கம்பிக்குப் போடும் சாதாரண வாஷரின் விட்டம் 24 மி.மீ.தான். அதன் இடத்தில் மூன்று அங்குலச் சதுரத் தகடு வைத்தால் மரத்தைத் தொடும் பரப்பு கிட்டத்தட்ட 17 மடங்காகிறது. ஆனால் தகடு மெல்லிசாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. நட்டை முறுக்கியதும் நடுவில் குழிந்து தாம்பாளம் மாதிரி ஆகிவிடும், ஓரங்கள் பாரம் தாங்காது. அதனால்தான் அவர் 3 மி.மீ.க்குக் குறைந்த தகட்டைத் தொடமாட்டேன் என்றார். இரும்பும் வேண்டாம், கடற்காற்று வரும் ஊர், துருக்கறை தேக்கில் இறங்கும் என்று பித்தளையையே எடுத்தார்.

விரிசலைத்தான் முதலில் பிடித்தார். உடுக்கை வடிவில், நடுவில் குறுகி இரு பக்கமும் அகன்ற தேக்குத் துண்டு ஒன்றை இழைத்து, விரிசலுக்குக் குறுக்கே பள்ளம் உளியால் எடுத்து இறக்கினார். துண்டின் ரேகை விரிசலுக்குக் குறுக்காக ஓட வேண்டும். நெடுக்காக ஓடினால் அதுவும் சேர்ந்து பிளந்துவிடும். முட்டை வடிவான துளையை மர முளை அடித்து அடைத்து, மறுநாள் புதிதாகத் துளைத்தார்.

தகட்டு வேலையில்தான் அவருடைய கை எனக்குப் புரிந்தது. ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி மாதிரி செய்துகொண்டார். தகட்டில் கம்பி போகும் துளை கச்சிதமாக. மரத்தில் அதே துளை அரை நூல் தளர்வாக. கம்பி பக்கவாட்டில் இழுக்கும்போது தகடு அதை வாங்கிக்கொள்ளும், மரத்தை இடிக்காது. தகட்டை மரத்தோடு பிடிக்கும் நான்கு திருகுகளை ஒரே ரேகையில் இரண்டு விழாதபடி சற்று மாற்றி மாற்றிக் குறித்தார். வரிசையாக வைத்தால் அஞ்சல்தலைத் தாளில் குத்திய துளைகள் போலக் கிழிய வழி கொடுக்கும். மூலைகளை அரம் போட்டு உருட்டினார். விரலை ஓட்டிப் பார்த்து, மறுபடி அரம். "புடவைத் தலைப்பு மாட்டக் கூடாதில்ல."

இப்போது அவர் கைக்கு வருவதெல்லாம் பிளைவுட்டும் மைக்காவும்தான். இப்படியொரு பலகை வருடத்துக்கு இரண்டோ மூன்றோ. பித்தளைக்கு எடை போட்டு விலை சொன்னார். அரம் போட்ட நேரத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. அந்த நேரம்தான் வேலை, அது கணக்கில் வராமல் போவதில் எனக்குச் சம்மதமில்லை. நானாகக் கேட்டுச் சேர்த்துக் கொடுத்தேன்.

கால்கரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன் கூட நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். பனிச்சறுக்குப் பலகையில் மலையிறங்குகிறவன். "சித்தி, என் பலகைக்கும் இதே வியாதிதான்" என்று கைபேசியில் படம் காட்டினான். அதற்கும் உள்ளீடு மரம், இருபுறமும் கண்ணாடியிழை. 1965இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பென் என்பவர் மகள்களுக்காக இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைச் சேர்த்துக் கட்டியதில் தொடங்கிய விளையாட்டு அது. அன்று காலைப் பிணைக்க எதுவுமில்லை, முனையில் பிடித்துக்கொள்ளக் கயிறுதான். பிறகு காலணியைப் பூட்டும் பைண்டிங் வந்தது. 4 செ.மீ. இடைவெளியில் 6 மி.மீ. திருகுகள் நான்கு, ஒவ்வொரு காலுக்கும். அதன் அடிப்பாகம் உரசி உரசிப் பலகையின் மேல்தோலை அரித்திருந்தது.

மிச்சப் பித்தளையிலேயே வெட்டிவிடலாம் என்று நான் சொன்னேன். மேஸ்திரி அவனிடம் ஒரே கேள்வி கேட்டார்: "தம்பி, ஓடும்போது அந்தப் பலகை வளையுமா?"

வளையும், வளைந்தால்தான் திரும்ப முடியும் என்றான்.

"அப்ப உலோகம் ஆகாது. அது போட்ட இடம் விறைச்சு நிக்கும், பக்கத்துல மரம் வாங்கும்." பாத்திரக் கடையிலிருந்து 2 மி.மீ. கனத்தில் வளைகிற பிளாஸ்டிக் காய் வெட்டும் பலகை ஒன்று வாங்கிவரச் சொன்னார். பைண்டிங்கின் அடியைவிட ஒரு நூல் பெரிதாக வட்டம் கீறி, துளைகளை அவன் சொன்ன அளவில் போட்டார். திருகும் அதே 2 மி.மீ. நீளம் கூட வேண்டும், அதற்கு மேல் போனால் அடிப்பக்கம் புடைத்துவிடும் என்று அவன் சொன்னபோது, தெரிந்த விஷயம் என்பதுபோலத் தலையாட்டினார். பனியை அவர் பார்த்ததில்லை.

ஊஞ்சல் கூடத்தில் ஏறிவிட்டது. பழைய தாமரைகள் மேலே, புதிய தகடுகள் அடியில். குனிந்து பெருக்குகிறபோது மட்டும் கண்ணில் படுகின்றன. போகும்போது மேஸ்திரி சொன்னார்: "சித்திரை வெயிலுக்கு மரம் சுருங்கும், நட்டு லூசாகும். ஒரு தடவை முறுக்கிடுங்கம்மா. வீட்ல ஸ்பானர் இருக்கா?"

இல்லை. சாயங்காலம் போய் 19ஆம் எண் ஸ்பானர் ஒன்று வாங்கி, பூஜை அறை அலமாரியில் எண்ணெய்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.