‘நன்றாக இருக்கிறதாம்’: பரிந்துரைத் திரையும் ஓர் இடைச்சொல்லும்

ஒரு திரைப்படத்தைப் பற்றித் தமிழில் இரு விதமாகச் சொல்லலாம். ‘படம் நன்றாக இருக்கிறது’ என்றால், சொன்னவர் பார்த்திருக்கிறார். அக்கருத்துக்கு அவரே பொறுப்பு. ‘படம் நன்றாக இருக்கிறதாம்’ என்றால், அவர் பார்க்கவில்லை; பார்த்தவர் சொன்னதை எடுத்துச் சொல்கிறார். இறுதியில் ஒட்டிய ஓர் ‘ஆம்’ இவ்வளவையும் செய்துவிடுகிறது. குரல் சற்றே மாறினால் அதே ஒட்டு ஐயத்தையும் காட்டும்: ‘பெரிய காவியமாம்!’ கன்னடத்தில் ‘அந்தெ’, தெலுங்கில் ‘அட’, மலையாளத்தில் ‘அத்ரே’ ஆகியன இதே பணியைச் செய்கின்றன. செய்தி எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும் இத்தகைய இலக்கணக் கூறுகளைச் சான்றுநிலை என்று மொழியியலில் குறிக்கலாம். உலக மொழிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கில் இதைக் குறிப்பது கட்டாயம் என்று அலெக்ஸாண்ட்ரா ஐகென்வால்ட் 2004இல் வெளியிட்ட நூலில் கூறுகிறார்.

பெங்களூரில் இந்நான்கு இடைச்சொற்களும் ஒரே தெருவில் கேட்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பெங்களூரு நகர மாவட்டத்தில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 44 சதவீதம். தமிழ் 15, தெலுங்கு 14, உருது 12. இந்நகரில் ஒரு படத்தின் புகழ் மொழியெல்லையைக் கடப்பது பெரும்பாலும் வாய்மொழியால்தான். அலுவலகத்தில் மலையாளி ஒருவர் சொன்னதைக் கேட்டு, கன்னடர் ஒருவர் வீட்டில் ஒரு மலையாளப் படத்தைப் போடுகிறார். அந்தப் பரிந்துரைக்கு ஒரு முகம் இருக்கிறது. முன்பு அவர் சொன்ன படம் அலுப்பூட்டியிருந்தால், இம்முறை அவர் சொல்லுக்கு எடை குறையும்.

ஓடிடி தளங்களின் முகப்புத் திரையும் பரிந்துரைக்கவே செய்கிறது. அதற்கு நேரம் மிகக் குறைவு. நெட்ஃபிளிக்ஸைச் சேர்ந்த கார்லோஸ் கோமஸ்-உரிபே, நீல் ஹண்ட் இருவரும் 2015இல் எழுதிய கட்டுரையின்படி, பார்வையாளர் ஒருவர் 60 முதல் 90 நொடிகளுக்குள், 10 முதல் 20 தலைப்புகளைக் கண்டபின், ஆர்வம் இழந்துவிடுகிறார். அந்த ஒன்றரை நிமிடத்துக்குள் திரை என்ன சொல்கிறது, எந்த வாக்கிய அமைப்பில் சொல்கிறது என்பது இதுவரை பொறியியல் வினாவாகவே கருதப்பட்டு வந்துள்ளது. அது மொழியியல் வினாவும்கூட.

தொடக்கத்தில் அது வெறும் கணக்காகவே இருந்தது. தன் கணிப்பு முறையின் பிழையை 10 சதவீதம் குறைப்போர்க்குப் பத்து லட்சம் டாலர் என்று நெட்ஃபிளிக்ஸ் 2006இல் அறிவித்தது. 2009இல் ஒரு குழு பரிசை வென்றது. வென்ற முறை முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை; கூடுதல் துல்லியம், அதற்கு வேண்டிய பொறியியல் உழைப்புக்கு ஈடாகத் தோன்றவில்லை. அதைவிட ஆழமான சிக்கல் ஒன்றும் உண்டு. ஒருவர் ஒரு படத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவார் என்பது ஒரு கேள்வி. களைத்து வந்த இரவில் எதைப் பார்ப்பார் என்பது வேறு கேள்வி. உயர்ந்த ஆவணப்படத்துக்கு ஐந்து நட்சத்திரம் தந்துவிட்டு, பழைய நகைச்சுவைப் படத்தையே மீண்டும் போடுவது மனித இயல்பு. 2017இல் நட்சத்திரங்கள் நீங்கி, கட்டைவிரல் குறி வந்தது.

அக்குறியோடு ‘98 சதவீதம் பொருத்தம்’ போன்ற தொடர்களும் வந்தன. இதனை வாக்கியமாக விரித்தால், ‘இது உமக்குப் பிடிக்கும்’ என்றாகும். ‘ஆம்’ இல்லை; நேரில் அறிந்தவரின் உறுதி மட்டும் இருக்கிறது. சொல்பவர் யார், எதைக் கொண்டு சொல்கிறார் என்பதற்குத் தடயமே இல்லை. அந்த எண்ணைப் படத்தின் தரத்துக்கு அளித்த மதிப்பெண்ணாகப் பிழைபட வாசிக்கவும் இடமுண்டு.

‘நீங்கள் இதைப் பார்த்ததால்’ என்னும் வரிசை மேலானது. அது காரணத்தைச் சொல்கிறது. காரணம் தெரிந்தால் மறுக்கலாம். ‘இன்று இந்தியாவில் முதல் 10’ என்னும் வரிசை, 2020 பிப்ரவரியில் அறிமுகமானது, ஏறத்தாழ ‘ஆம்’ வாக்கியம்: பலர் பார்க்கிறார்களாம். ஆயினும் இந்தியா என்பது மிகப் பெரிய கூட்டம். பெங்களூரில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர் எத்தனை பேர் ஒரு கன்னடப் படத்தை விரும்பிப் பார்த்தனர் என்பது அந்தப் பத்துக்குள் தெரியாது. அந்நகரத்தார்க்கு வேண்டிய செய்தியோ அதுவே.

2021 ஏப்ரலில் வந்த ‘எதையேனும் போடு’ என்னும் பொத்தான் தேர்வையே நீக்கிவிட முயன்றது. பயன்படுத்துவோர் குறைவு என்று கூறி, 2023இன் தொடக்கத்தில் அவ்வசதியை விலக்கிக்கொள்வதாக நிறுவனம் அறிவித்தது. தேர்ந்தெடுப்பது சுமைதான். ஆனாலும் முகமற்ற ஒருவரிடம் அதை ஒப்படைக்க மக்கள் விரைந்து முன்வரவில்லை.

இதில் உண்மையில் இழப்பு யாருக்கு என்பதை ஒரு வீட்டை எண்ணிப் பார்த்தால் உணரலாம். பாட்டிக்குத் தமிழ், மருமகளுக்குக் கன்னடம், பேரனுக்கு ஆங்கிலம். திரையின் எழுத்து ஆங்கிலத்தில். கணக்கு பேரனின் பெயரில். தொலை இயக்கியும் அவன் கையில். அவன் ஒன்றைக் காட்டி, “இது நல்லா இருக்கும் பாட்டி” என்கிறான். “யாருடா சொன்னா?” என்று பாட்டி கேட்கிறார். அவனிடம் விடை இல்லை. பாட்டியின் கேள்வியைத் தொழில்நுட்பம் அறியாதவரின் வினா என்று சிரித்துக் கடந்துவிடுவது எளிது. உண்மையில் சான்றைக் கோரும் வாசகரின் வினா அது. தளம் தானே தயாரித்த தொடரை முன்னிறுத்துகிறதா, அண்டை வீட்டார் விரும்பியதைச் சொல்கிறதா என்று பிரித்தறிய அவருக்கு வேறு வழி இல்லை. விடை கிடைக்காதபோது அவர் தேர்விலிருந்து விலகிக்கொள்கிறார், வைத்ததைப் பார்க்கிறார். திரையின் மொழி எவருடையதோ அவருக்கே தேர்வும் சேர்கிறது.

மூலத்தைக் காட்டுவது என்றால், யார் எதைப் பார்த்தார் என்று ஊரறியச் செய்வதா என்ற எதிர்வாதம் வலுவானது. நெட்ஃபிளிக்ஸ் போட்டிக்காகப் பெயர் நீக்கி வெளியிட்ட தரவை, பொதுவெளியில் கிடைத்த மதிப்பீடுகளோடு ஒப்பிட்டு, அதிலுள்ளோரில் சிலரை அடையாளம் காண முடியும் என்று அரவிந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாட்டிகோவும் 2008இல் நிறுவினர். திட்டமிட்டிருந்த இரண்டாம் போட்டி 2010இல் கைவிடப்பட்டது. பார்க்கும் பழக்கம் ஒருவரின் அந்தரங்கம்.

இங்கேதான் ‘ஆம்’ வழிகாட்டுகிறது. அது சொன்னவரின் பெயரை வெளியிடுவதில்லை. சொன்னது தான் அல்ல என்பதை மட்டும் நேர்மையாக ஒப்புக்கொள்கிறது. வடிவமைப்பாளர்க்கு இதைவிடச் சுருக்கமான நெறி கிடைப்பது அரிது. ‘இந்நகரில் இப்படத்தைத் தொடங்கியோரில் பெரும்பாலோர் இறுதிவரை பார்த்தனர், பலர் மூலக் குரலிலேயே பார்த்தனர்’ என்று ஒரு வரி போதும். எவரும் வெளிப்படுவதில்லை, கூற்றின் மூலம் மட்டும் தெரிகிறது. தளத்தின் சொந்தத் தயாரிப்பு என்றால், அதையும் அதே இடத்தில் அதே அளவு எழுத்தில் சொல்லலாம். கதைச்சுருக்கத்தைப் பயனர் விரும்பும் மொழியில் குரலாக ஒலிக்கச் செய்தால், எழுத்து தடையாக உள்ளவர்க்கும் ஒன்றரை நிமிடத்தில் பங்கு கிடைக்கும். மூலமொழி, மொழிமாற்றக் குரல், துணையுரை மூன்றையும் ‘மொழி’ என்ற ஒரே சொல்லில் அடைக்காமல் பிரித்துக் காட்டினால், பன்மொழி வீட்டில் பாதி விவாதம் குறையும்.

2023 நவம்பர் 19 அன்று உலகக்கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் வரை பார்த்தனர். அத்தனை பேருக்கும் காட்சி தடையின்றிச் செல்லும் பொறியியல் கைவந்துவிட்டது. அன்று எதைப் பார்ப்பது என்று எவரும் கேட்கவேண்டியிருக்கவில்லை. கேள்வி மறுநாள் இரவு எழுந்திருக்கும்.

கணினி-மனித ஊடாட்டம் பயில்வோரும் மொழியியல் பயில்வோரும் சேர்ந்து செய்யத்தக்க ஆய்வு இது. தரவு சேகரிக்கப் பெரிய நிதியும் தேவையில்லை. திங்கட்கிழமை நண்பகல் அலுவலக உணவகத்தில், வார இறுதியில் பார்த்த படங்களைப் பற்றி நான்கு மொழிகளில் பேசுவோரின் வாக்கிய முடிவுகளைக் குறித்துக்கொண்டால் போதும். எங்கே ‘இருக்கிறது’ என்கின்றனர், எங்கே ‘இருக்கிறதாம்’ என்கின்றனர், எதைக் கேட்டவர் அன்றிரவே படத்தைத் தேடுகிறார் என்பதை முதலில் அறியவேண்டும்.