கைமணமா? காய்கறியா?

கல்யாண விருந்து சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கிறோம். கத்தரிக்காய்க் கூட்டு அமிர்தமாய் இருந்தது. "யார் சமையல்? என்ன கைமணம்!" என்று விசாரிக்கிறோம். சமையற்காரரும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பூரிப்புடன் வந்து நிற்கிறார். அந்தக் கத்தரிக்காய் எந்தத் தோட்டத்தில் காய்த்தது என்று யாராவது விசாரித்தது உண்டா? நான் விசாரித்ததில்லை. 2022-ஆம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி சாயங்காலம் வரையில் எனக்கு அந்த யோசனையே வந்ததில்லை.

அன்றைக்கு நான் அமெரிக்காவில் இருந்தேன். தெற்கே அலபாமா மாகாணத்தில் பர்மிங்ஹாம் என்று ஒரு நகரம். அங்கேதான் என் அக்கா குடித்தனம் செய்கிறாள். ஒரு மாச லீவில் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் அக்கா அரக்குப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள்.

"என்ன அக்கா, கோயிலுக்கா?" என்றேன்.

"மாட்சுக்கு!" என்றாள்.

டெலிவிஷனில் மாட்ச் பார்க்கத்தான் அந்தப் புடவை! அலபாமா சர்வகலாசாலையின் நிறம் அரக்குச் சிவப்பாம். அந்த ஊரில் சனிக்கிழமையன்று வேறு நிறம் உடுத்துகிறவர்களைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்.

அவர்கள் ஃபுட்பால் நம் ஊர்க் கால்பந்து அல்ல. இரும்புத் தொப்பி மாதிரி ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எதிரிகள் மேலே விழுந்து அமுக்குகிறார்கள். நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறாவிட்டால் பந்து அடுத்த கட்சிக்குப் போய்விடும். இவ்வளவு தெரிந்தால் போதும். எனக்கும் இவ்வளவுதான் தெரியும்.

இந்த ஆட்டத்துக்காக அமெரிக்கக் கல்லூரிகள் பல கூட்டணிகளாகப் பிரிந்திருக்கின்றன. தெற்கத்திக் கல்லூரிகள் 1932-ஆம் வருஷம் டிசம்பரில் சேர்ந்து அமைத்த கூட்டணிக்கு எஸ்.ஈ.ஸி. என்று பெயர். 2006-லிருந்து 2012 வரை ஏழு வருஷம், ஒன்று விடாமல், தேச சாம்பியன் பட்டம் இந்தக் கூட்டணிக்கே போயிற்று. அதுவும் ஒரே கல்லூரிக்கு அல்ல. ஃபிளாரிடா, லூயிஸியானா, அலபாமா, ஆபர்ன் என்று நாலு கல்லூரிகளுக்கு! பிறகு 2019 முதல் மறுபடி நாலு வருஷம் தொடர்ந்து அவர்களே.

"எப்படி அத்தான் இது?" என்று கேட்டேன்.

"இதற்கென்ன ஆராய்ச்சி? கோச்! நல்ல வாத்தியார் அமைந்தால் எல்லாம் அமையும்" என்றார் அத்தான். உடனே நிக் ஸேபன் புராணத்தை ஆரம்பித்தார்.

சுவாரஸ்யமான புராணம்தான். ஸேபனின் தகப்பனார் மேற்கு வர்ஜீனியாவில் பெட்ரோல் பங்க் வைத்திருந்தார். அங்கே சிறுவன் ஸேபன் கார் கழுவுவான். துடைத்த காரில் ஒரு கோடு தெரிந்தாலும் அப்பா மறுபடி முழுக்கக் கழுவச் சொல்வாராம். அந்தப் பையன்தான் பின்னால் லூயிஸியானாவுக்கு ஒரு பட்டமும், அலபாமாவுக்கு ஆறு பட்டங்களும் வாங்கித் தந்தார். இப்படிப்பட்ட கதை எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கு வெல்லப்பாகு. நானும் தலையை ஆட்டினேன்.

அன்றைய ஆட்டம் டென்னெஸீயோடு. பதினைந்து வருஷமாக அலபாமாவிடம் தோற்றுக்கொண்டிருந்த கட்சி அது. கடைசி விநாடியில் ஓர் உதை. பந்து கம்பங்களுக்கு நடுவே போய்விட்டது. 52-க்கு 49! டென்னெஸீ ஜனங்கள் மைதானத்தில் இறங்கி, கோல் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு போய் ஆற்றில் போட்டார்கள். எங்கள் வீட்டில் எழவு விழுந்தது போலாயிற்று.

அந்த வேளையில்தான் பக்கத்து வீட்டு அம்மாள், சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பலகாரம் ஒன்றைத் தட்டில் மூடி எடுத்துக்கொண்டு வந்தார். கறுப்பினத்தவர், எழுபது வயது கடந்தவர், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அத்தானைத் தேற்றுவதற்காகப் பழைய பெருமையை எடுத்தேன். "ஸேபனுக்கு முன்னால் பிரையண்ட் என்று ஒருவர் இருந்தாராமே? அவரும் பெரிய கோச்தானே?" என்றேன்.

"பெரிய வாத்தியார்தான், குழந்தாய். இருபத்தைந்து வருஷம் இருந்தார். ஆறு பட்டம் வாங்கினார். யார் இல்லையென்றது? ஆனால் அந்த வகுப்பில் என் அண்ணன் உட்கார பெஞ்சு இல்லை" என்றார் அந்த அம்மாள்.

1965-ல் அவருடைய அண்ணன் இதே ஊரில் ஹைஸ்கூல் ஆட்டக்காரன். அவன் ஓடினால் பிடிக்க ஆள் கிடையாதாம். அலபாமா குழுவில் அப்போது கறுப்புப் பையன்களுக்கு இடம் இல்லை. வடக்கே மிச்சிகன் பக்கத்தில் ஒரு கல்லூரி கூப்பிட்டது; போய்விட்டான்.

எனக்குச் சட்டென்று என் தகப்பனார் ஞாபகம் வந்தது. அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு உபாத்தியாயர். ஒரு வருஷம் அவர் வகுப்பு நூற்றுக்கு நூறு தேர்ச்சி. விழா எடுத்து மாலை போட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "ஒன்பதாவதிலேயே பதினோரு பையன்களை நிறுத்திவிட்டார்களே, அதை ஒருவரும் சொல்லவில்லை" என்றார். அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அப்போது எனக்கு அது விளங்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் பேசியபோது விளங்கிற்று.

மறுநாளிலிருந்து என் லீவு புஸ்தகசாலையில் கழிந்தது. அக்காவுக்குக் கோபம்தான். ஆனால் என் சந்தேகத்துக்குப் பதில் கிடைத்தது.

முதலில் அந்த மூடிய கதவு. எஸ்.ஈ.ஸி. ஆட்டத்தில் ஒரு கறுப்பு இளைஞர் முதன்முதலாக இறங்கியது 1967-ல், கென்டக்கி சர்வகலாசாலைக்காக. பிரையண்ட் 1970-ல்தான் ஒரு கறுப்பு ஆட்டக்காரருக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்துச் சேர்த்தார். அந்த வருஷம் செப்டம்பரில் கலிபோர்னியாவிலிருந்து ஒரு குழு பர்மிங்ஹாமுக்கே வந்து 42-க்கு 21 என்று அலபாமாவை வென்றது. அதில் விளாசியவர் ஸாம் கன்னிங்ஹாம் என்ற கறுப்பு வீரர்.

அதே காலத்தில், அதே தெற்கு மண்ணில், லூயிஸியானாவின் கிராம்ப்ளிங் என்ற கறுப்பர் கல்லூரியில் எட்டி ராபின்ஸன் என்று ஒரு கோச் இருந்தார். 1941-ல் தொடங்கி 1997 வரை அங்கேயே இருந்து 408 ஆட்டங்கள் ஜயித்தார். பிரையண்ட் ஜயித்தது 323. ராபின்ஸனின் மாணவர்களில் இருநூறு பேருக்கு மேல் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார்கள். கோச்சின் மகிமை ஒன்றே போதுமென்றால், தேச சாம்பியன் பட்டம் அவர் வாசலில் அல்லவா வந்து நின்றிருக்க வேண்டும்?

சரி, இடம் மாறினால் கோச் என்ன ஆகிறார்? ஸேபன் லூயிஸியானாவுக்கு வருமுன் மிச்சிகன் ஸ்டேட்டில் ஐந்து வருஷம் இருந்தார்: 34 வெற்றி, 24 தோல்வி, 1 சமம். மோசமில்லை, ஆனால் புராணம் பாடும்படியும் இல்லை. அதே மனிதர், அதே கண்டிப்பு. தெற்கே வந்த நாலாவது வருஷம் பட்டம்.

ஜீன் சிஸிக் கதை இன்னும் வேடிக்கை. ஐயோவா ஸ்டேட்டில் இரண்டு வருஷத்தில் 5 வெற்றி, 19 தோல்வி. அவரை ஆபர்ன் கல்லூரி அழைத்தபோது ஜனங்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். 2010-ல் காம் நியூட்டன் என்ற இளைஞர் அங்கே வந்து சேர்ந்தார். 14 ஆட்டம், 14 வெற்றி, தேசப் பட்டம்! நியூட்டன் ஒரே வருஷத்தில் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார். 2012-ல் ஆபர்னுக்கு 3 வெற்றி, 9 தோல்வி. சிஸிக்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்படியானால் கோச் வெறும் பொம்மையா? அதுவும் தப்பு. வாண்டர்பில்ட் கல்லூரி முதல் நாளிலிருந்து அதே கூட்டணியில் இருக்கிறது. கூட்டணிப் பட்டத்தைக்கூட ஒரு தடவை வென்றதில்லை. கதவு திறந்த உடனேயும் பொன்மழை கொட்டிவிடவில்லை. 1980-ல் ஜார்ஜியா ஜயித்த பிறகு 1992 வரை எஸ்.ஈ.ஸி.க்குத் தேசப் பட்டமே கிடையாது. நல்ல தோட்டம் இருந்தும் சமைக்கத் தெரியாத வீடுகள் உண்டு. இந்த ஊரில் எந்த வீட்டில் விருந்து என்பதைச் சமையற்காரர் தீர்மானிக்கிறார். விருந்து எந்த ஊரில் என்பதைத் தீர்மானிப்பது தோட்டம்தான்.

அந்தத் தோட்டத்தைப் பாருங்கள். வருஷத்தில் பெரும்பகுதி வெளியில் ஆடக்கூடிய சீதோஷ்ணம். வசந்த காலத்திலும் பயிற்சி நடத்தும் ஹைஸ்கூல்கள். அலபாமாவிலும் மிஸிஸிப்பியிலும் முதன்மைத் தொழில்முறைக் கூட்டணியைச் சேர்ந்த குழு ஒன்றுகூட இல்லை. ஆகையால் ஜனங்களின் பாசம் முழுவதும் கல்லூரிக் குழுவுக்கே. லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியங்கள். டெலிவிஷன் பணம். அந்தப் பணத்தைக் கொண்டு, தேசத்திலேயே பேர்போன கோச்சை விலை கொடுத்துக் கூட்டி வருகிறார்கள். பெரிய கோச் வந்ததால் பெருமை வந்தது என்கிறோம். பெருமையும் பணமும் இருந்த இடத்துக்குத்தான் பெரும்பாலும் பெரிய கோச் வந்தார்.

புகழை யாருக்குக் கொடுக்கிறோமோ, பணமும் அவர் பின்னாலேயே போகிறது. 2023-ல் டெக்ஸஸ் ஏ அண்டு எம் தன் கோச்சை விலக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்குச் சேர வேண்டிய தொகை ஏழரைக் கோடி டாலருக்கு மேல். போ என்று சொல்வதற்கு அவ்வளவு! முட்டி மோதி எலும்பை முறித்துக்கொள்ளும் பையன்களோ, 2021 ஜூலை வரை தங்கள் சொந்தப் பெயரைக் கொண்டு ஒரு விளம்பரத்தில்கூடச் சம்பாதிக்கக் கூடாது என்று விதி. 2025-லிருந்துதான் கல்லூரிகள் வருமானத்தில் ஒரு பங்கை அவர்களுக்கு நேராகக் கொடுக்கலாம் என்று ஏற்பட்டது.

கல்லூரி விட்டுக் கல்லூரி மாறவும் இப்போது பையன்களுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது. 2023-ல் மிச்சிகனும், 2024-ல் ஒஹையோ ஸ்டேட்டும் பட்டத்தை வடக்கே கொண்டுபோயின. ஸேபன் 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றார். இந்தச் சுதந்திரம்தான் முழுக் காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் கூடையிலிருக்கும் காய்க்கும் வாய் உண்டு என்று எல்லாருக்கும் இப்போது தெரிந்துவிட்டது.

ஊருக்குப் புறப்படுவதற்கு முன்னால் வந்த சனிக்கிழமையன்று அத்தானைக் கவனித்தேன். ஒரு பையன் பந்தோடு பாய்ந்து எல்லைக்கோட்டைத் தாண்டினான். அத்தான் துள்ளிக் குதித்தார், பிறகு மெதுவாக, "இவன் எந்த ஊர்ப் பையன்?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

விடை பெற்றுக்கொள்ளப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். "உங்கள் அண்ணா இப்போது எங்கே இருக்கிறார், அம்மா?" என்றேன்.

"மிச்சிகனில்தான். பேரன், பேத்தி எல்லாம் அங்கேதான்."

"சனிக்கிழமை மாட்ச் பார்ப்பாரா? அவர் எந்தக் கட்சி?"

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது என்ன கேள்வி, குழந்தாய்? அலபாமாதான். அரக்குத் தொப்பி போட்டுக்கொண்டுதான் உட்காருவான்" என்றார்.