தம்புரா அறுபடாமல்

வீட்டில் கணினி வழியாகப் பாட்டுக் கேட்க என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது, அவர்கள் எந்தச் சங்கீதம் கேட்பார்கள் என்பதைத்தான். கடையில் இதை யாரும் விசாரிப்பதில்லை. அங்கே பேச்சு 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று எண்களில் தொடங்கி விலையில் முடிந்துவிடும். நான் கேட்பது பெரும்பாலும் கர்நாடக சங்கீதக் கச்சேரிகள்; அதற்கு அடுத்தபடி எழுபது, எண்பதுகளின் தமிழ்த் திரைப்பாடல்கள். மென்பொருளோ கருவியோ, இந்த இரண்டுக்கும் என்ன வேண்டும் என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மூன்று நிமிடப் பாட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்ட மென்பொருள்கள் மூன்று மணி நேரக் கச்சேரியை எங்கெங்கே கைவிடுகின்றன என்று தெரிந்துவிட்டால், தேர்வில் பாதி முடிந்தது.

தம்புராவிலிருந்து தொடங்குகிறேன். ஒரு ராகம் தானம் பல்லவியைச் சிடியில் போடும்போது ஆலாபனை ஒரு டிராக், தானம் ஒரு டிராக், பல்லவி ஒரு டிராக் என்று பிரித்துவிடுவார்கள். பாடகர் மூச்சு வாங்கும் இடமாகப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். ஆனால் தம்புரா மூச்சு வாங்குவதில்லை. சிடியில் கேட்டால் டிராக்குகள் ஒட்டியே ஓடும், ஒன்றும் தெரியாது. அதையே எம்பி3 ஆக்கிக் கேட்டால், டிராக் மாறும் இடத்தில் சுருதி ஒரு கணம் அறுந்து மறுபடி வரும். எம்பி3 முறை ஒலியை 1152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக, அதாவது ஏறக்குறைய 26 மில்லி விநாடிக்கு ஒன்றாக, வெட்டிச் சுருக்குகிறது. துண்டின் நடுவே ஒலி முடிந்துபோனால் மிச்சத்தை மௌனத்தால் நிரப்புகிறது. தொடக்கத்திலும் கொஞ்சம் மௌனம் சேர்ந்துகொள்கிறது. ‘லேம்’ போன்ற மென்பொருள்கள் எம்பி3 செய்யும்போது எவ்வளவு மௌனம் சேர்ந்தது என்பதைக் கோப்பிலேயே குறித்து வைக்கின்றன. அந்தக் குறிப்பைப் படித்து மௌனத்தை நீக்கிவிட்டு இசைக்கும் பிளேயர்கள் உண்டு, படிக்காதவையும் உண்டு. திரைப்பாடல் மட்டும் கேட்பவருக்கு இது காலம் முழுக்கத் தெரியாமலே போகலாம். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் எப்படியும் மௌனம்தானே வருகிறது. நான் புதிதாக ஒரு பிளேயரை நிறுவினால் முதலில் போட்டுப் பார்ப்பது தானம் முடிந்து பல்லவி தொடங்கும் அந்த ஓரிடத்தைத்தான். அங்கே தவறினால், அதன் மற்ற அழகுகளைப் பார்க்கப் பொறுமை இருப்பதில்லை.

இந்தத் தொல்லை இல்லாத கோப்பு முறை ஃப்ளாக். ஜோஷ் கோல்சன் என்பவர் உருவாக்கி 2001இல் முழுப் பதிப்பாக வெளியிட்டார், இன்றும் இலவசம். ஒலியில் ஒரு துளியும் இழக்காமல் சிடியின் அளவைக் கிட்டத்தட்டப் பாதியாக்கிவிடும். மூன்று மணி நேரக் கச்சேரி ஒரு ஜிகாபைட்டுக்குள் அல்லது அதை ஒட்டி அடங்கும். பழைய மோனோ பதிவுகளில் இடமும் வலமும் ஒன்றேயானதால் அது இன்னும் சுருங்கும். வட்டுகள் இவ்வளவு மலிந்த காலத்தில், சேமித்து வைப்பதற்கு எம்பி3யைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. செல்பேசியில் எடுத்துப் போக வேண்டுமானால் ஃப்ளாக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எம்பி3 செய்துகொள்ளலாம். திரும்பி வரும் வழிதான் கிடையாது. 128 கிலோபிட்டில் சுருக்கிய கச்சேரியில் முதலில் கெடுவது பாட்டு அன்று, கைதட்டல். சபையே தட்டுவது தண்ணீர் சலசலப்பதுபோல் கேட்கும். கடத்தின் கூர்மையான தட்டல்களும் முனை மழுங்கும்.

ஆனால் ஃப்ளாக்கோடு நின்றுகொள்ளலாம் என்பதும் என் கட்சி. சிடி 1982இல் வந்தபோது வைத்த 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் என்ற அளவு வீட்டில் கேட்பதற்குப் போதும். 16 பிட் என்றால் மிகச் சன்னமான ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் நடுவே ஏறக்குறைய 96 டெசிபல் இடைவெளி. சென்னையில் மின்விசிறி ஓடும் அறையில், சன்னலுக்கு வெளியே தெருவும் இருக்கையில், அமைதி என்பதே 40 டெசிபலை ஒட்டித்தான் இருக்கும். அதன்மேல் 96ஐ முழுதாகக் கேட்க வேண்டுமானால் 136 டெசிபல் வரை வைக்க வேண்டும். காது வலியைத் தாண்டிவிடும். 2007இல் மேயர், மோரன் என்ற இருவர், உயர்தெளிவுப் பதிவுகளை ஒருமுறை அப்படியேயும் ஒருமுறை சிடி அளவுக்குக் குறைத்தும் போட்டு, எது எது என்று சொல்லாமல் பலரைக் கேட்க வைத்தார்கள். 500க்கும் மேற்பட்ட சோதனைகளில், நாணயம் சுண்டிப் பார்த்தால் கிடைப்பதற்கு மேல் விடை தேறவில்லை. 2016இல் ஜோஷுவா ரைஸ் இத்தகைய பல ஆய்வுகளைத் தொகுத்து, மிகச் சிறிய வேறுபாடு கேட்கிறது, பயிற்சி பெற்றவர்களுக்கு வெகுவாகக் கூடுதலாகக் கேட்கிறது என்றார். இருக்கட்டும். அந்தச் சிறு வேறுபாட்டுக்காகச் செலவிடும் பணத்தை ஸ்பீக்கரில் போட்டால், பயிற்சியே இல்லாத என் பெரியம்மாவுக்கும் வித்தியாசம் கேட்கும்.

மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக்கு ரவை அப்புவது அந்தக் கனத்த நாதத்துக்காகத்தான். மடிக்கணினியின் ஸ்பீக்கரில் அது வருவதே இல்லை. அந்தச் சிறிய ஸ்பீக்கர்கள் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. ஒரு கட்டையில் பாடும் ஆணின் தம்புராவில் மந்திர ஷட்ஜம் 65 ஹெர்ட்ஸ். காது கெட்டிக்காரக் காது. மேலே எழும் நாதங்களை வைத்து அடி ஸ்வரம் இன்னது என்று ஊகித்துக்கொள்ளும். ஆகவே சுருதி தெரியும், அதன் உடம்பு தெரியாது. வலந்தலையின் ‘நம்’ வரும், கும்கி வராது. பாலக்காடு மணி ஐயர் இடக்கையால் என்ன செய்தார் என்பது தெரியாமலே அவருடைய தனி ஆவர்த்தனத்தைக் கேட்டு முடிப்பது எவ்வளவு பெரிய இழப்பு! மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் உள்ள, ஐந்து அங்குலக் கூம்பு கொண்ட ஒரு ஜோடி, நடுத்தர அறைக்குப் போதும். ஃபிளாய்ட் டூல் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில், ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னால் மறைத்து வைத்துப் பலரைக் கேட்க வைத்தார். மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயி எதையும் தூக்காமல் அமுக்காமல் சமமாக ஒலிப்பதைத்தான் பெரும்பாலோர் விரும்பினார்கள். பிறகு அவரும் ஷான் ஆலிவும் சேர்ந்து செய்த சோதனையில், திரையை எடுத்து ஸ்பீக்கரைக் கண்ணில் காட்டியதும் மதிப்பெண்கள் மாறிவிட்டன. வாங்கப் போகும்போது நமக்குப் பழகிய ஒரு கச்சேரிப் பதிவோடு போய், கண்ணை மூடிக்கொண்டு கேட்பது நல்லது. இரண்டு ஜோடிகளை ஒப்பிட்டால் ஒலியளவு இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். சற்று உரக்க ஒலிப்பதே உயர்ந்தது என்று காது தீர்ப்பெழுதிவிடும்.

வைக்கும் இடத்தைப் பற்றி மேல்நாட்டுப் புத்தகங்கள் எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தவரின் காது உயரத்தைச் சொல்லும். நம் வீடுகளில் பலர் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து கேட்கிறோம். அப்படியானால் ஸ்பீக்கர் கீழே இறங்க வேண்டும், அல்லது நம்மை நோக்கிச் சாய வேண்டும். மூலையில் ஒட்டி வைத்தால் மிருதங்கம் வீங்கும். டைல்ஸ் தரையும் வெற்றுச் சிமெண்டுச் சுவரும் குரலை எதிரொலித்துக் குழப்பும். பவானி ஜமக்காளம் ஒன்று, கனத்த திரைச்சீலை, புத்தகம் நிறைந்த அலமாரி ஆகியவை ஒரு புது டாக் பெட்டி தருவதைவிட அதிகத் தெளிவைத் தரும்.

டாக் என்பது எண்களை ஒலிக்கான மின்னலையாக மாற்றும் பெட்டி. கணினிக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. ஹெட்போனில் இரைச்சலோ, மவுஸை நகர்த்தும்போது கீச்சென்ற சத்தமோ கேட்டால் யூஎஸ்பியில் மாட்டும் ஒரு சிறிய டாக் வாங்கலாம். கேட்கவில்லையென்றால் அவசரமில்லை. பலரை வாட்டுவது 50 ஹெர்ட்ஸ் உறுமல். கணினி ஒரு பிளக்கிலும் ஸ்பீக்கர் வேறொரு பிளக்கிலும் எர்த் ஆகியிருந்தால் வருவது அது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டினால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் ஆப்டிகல் கேபிள், அதில் மின்சாரமே ஓடுவதில்லை. எர்த் முனையை உடைத்துவிட்டு மாட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். உயிரோடு விளையாடும் யோசனை, செய்யவே கூடாது.

இனி மென்பொருள். நான் அதிகம் மல்லாடியது இங்கேதான். எல்லாப் பிளேயரும் ‘ஆர்ட்டிஸ்ட், ஆல்பம், பாட்டு’ என்ற மூன்று அறைகளை வைத்திருக்கும். கச்சேரிக்கு இது போதாது. ராகம் எங்கே, தாளம் எங்கே, வயலின் யார், மிருதங்கம் யார்? பழனி சுப்பிரமணிய பிள்ளை வாசித்த பதிவுகளை மட்டும் எடுத்துக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஒரு மாலையில் தோன்றினால், பெரும்பாலான பிளேயர்களிடம் அதைக் கேட்கக்கூட வழியில்லை. மணி ஐயர் என்று தேடினால் மதுரை மணி ஐயரின் பாட்டும் பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கமும் ஒன்றாக வந்து நிற்கும். இருவரும் சேர்ந்த கச்சேரியானால் இன்னும் குழப்பம். எம்.எஸ்.சுப்புலட்சுமியின் முதலெழுத்துகளைப் புள்ளி வைத்து, புள்ளியில்லாமல், இடைவெளி விட்டு என்று மூன்று விதமாக எழுதினால் மூன்று பாடகிகள் தோன்றுவார்கள். திரைப்பாடலில் வேறு சிக்கல். ஆர்ட்டிஸ்ட் என்றால் பாடியவர் என்று மென்பொருள் நினைக்கும். நாம் தேடுவதோ இளையராஜாவை, அல்லது வாலியை.

ஃப்ளாக் கோப்பில் நமக்கு வேண்டிய பெயரில் புதிய அறைகளைத் திறந்துகொள்ளலாம். ராகம் என்று ஓர் அறை, தாளம், மிருதங்கம், வயலின் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை. அறைகளுக்குள் யூனிகோடில் தமிழிலேயே எழுதலாம். அந்த அறைகளைக் காட்டவும், அவற்றைக் கொண்டு தேடவும் தெரிந்த பிளேயர் வேண்டும். விண்டோஸில் 2002 முதல் இருக்கும் ஃபூபார்2000 இதைச் செய்கிறது. தோற்றம் எளிமை, பழகக் கொஞ்சம் நாளாகும், ஆனால் நாம் சொன்னபடி கேட்கும். காம்போதி என்று ஒரு சொல்லைத் தட்டினால், யார் யார் பாடிய காம்போதியெல்லாம் வரிசையாக வந்து நிற்கும் சுகத்துக்கு ஈடில்லை. ராகப் பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்துகொண்டு, கடைசிவரை அதையே எழுத வேண்டும். கரகரப்பிரியாவா கரஹரப்ரியாவா என்பதை முதல் நாளே தீர்த்துக்கொள்ளுங்கள். இதோடு, ஒலியை விண்டோஸின் கலவைக்குள் விடாமல் நேரே டாக்குக்கு அனுப்பும் ‘வாசாபி எக்ஸ்க்ளூசிவ்’ என்ற வழியை இயக்கிவிட்டால், ஆலாபனையின் நடுவே மின்னஞ்சல் மணி அடிக்காது. கணினி விசிறியின் சத்தமே பிடிக்காதவர்களுக்கு, விசிறியே இல்லாமலும் ஓடும் ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியில் ‘எம்பிடி’ மென்பொருளை ஏற்றி, செல்பேசியிலிருந்து இயக்கும் வழி இருக்கிறது. லினக்ஸில் கை வைக்கத் தயங்காதவர்களுக்கு அது மிக நல்ல ஏற்பாடு.

குடும்பத்தில் கேசட்டுகள் இருந்தால் கணினியில் ஏற்றும் வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. ஆடாசிட்டி இலவசம், போதும். ஏற்றும்போது டேப் ரிக்கார்டரின் ஹெட் சற்றே சாய்ந்திருந்தாலும் மேல்நாதங்கள் மங்கிவிடும். அந்தச் சிறு திருகை மெல்லத் திருப்பி, குரல் தெளியும் இடத்தில் நிறுத்திவிட்டுப் பதிய வேண்டும். வேகமும் பிசகும். கணினியில் வேகத்தைத் திருத்திச் சுருதியைச் சரியாக்கலாம், ஆனால் அந்தப் பாடகர் அந்த வயதில் எந்தக் கட்டையில் பாடினார் என்று தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் வேண்டும். இரைச்சல் நீக்கும் வசதியைத் தாராளமாகப் பயன்படுத்துபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. மாறாமல் ஒலிப்பதையெல்லாம் இரைச்சல் என்று கருதும் முறை அது. தம்புராவின் வேலையே மாறாமல் ஒலிப்பது. ‘ஸ்ஸ்’ என்ற சத்தத்தோடு தம்புராவின் ரீங்காரமும் போய்விடும். திருத்திய பிரதி எத்தனை செய்தாலும், டேப்பிலிருந்து வந்த முதல் கோப்பைத் தொடாமல் வைத்திருங்கள்.

மென்பொருள்கள் போய்விடும். 1997இல் வந்து உலகமே பயன்படுத்திய வினாம்ப் இன்று எத்தனை கணினிகளில் இருக்கிறது? மேக் கணினியில் ஐடியூன்ஸ் 2019இல் விடைபெற்றது. பிளேயர் தன் தனிக் களஞ்சியத்தில் எழுதி வைப்பது அதனோடு போகும். கோப்புக்குள் எழுதியது தங்கும். ஆகவே விவரங்களைக் கோப்புக்குள்ளேயே எழுதும் பிளேயரைத்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு கச்சேரியின் ஃபோல்டரிலும் ஒரு சாதாரண உரைக் கோப்பையும் நான் வைக்கிறேன்: யார் வீட்டு டேப், வானொலியா சபையா, பக்கவாத்தியம் யார், எந்த இடத்தில் டேப் திருப்பப்பட்டது. எல்லாவற்றுக்கும் திருச்சியில் அக்கா வீட்டில் ஒரு பிரதி இருக்கிறது. அவள் மிருதங்கம் கற்றவள். பெயர் தெரியாமல் நான் வெறுமையாக விட்ட மிருதங்க அறைகளைப் பார்த்து, முத்தாய்ப்பையும் கோர்வையையும் கேட்டு, இன்னார் பாணி என்று தனக்கு நிச்சயமானவற்றை மட்டும் நிரப்பி வருகிறாள். சந்தேகமானவற்றைக் கேள்விக்குறியோடு உரைக் கோப்பில் எழுதுகிறாள். பொங்கலுக்கு வரும்போது வட்டை மாற்றிக்கொள்கிறோம்.