குண்டு விழும் தூரம்

காசு போட்டு ஆடும் பெட்டிகளான 'ஆர்கேடு' இயந்திரங்களின் பழைய சுடும் விளையாட்டுகளை, எவரும் கேட்காமலும் எவரும் ஊதியம் தராமலும், வழக்கொழிந்த வீட்டுக் கருவிகளில் ஓடும்படி மறுபடி எழுதுகிற ரசிகர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். 'போர்ட்' எனப்படும் இந்த இடமாற்றத்தில் படத்தையும் ஒலியையும் கொண்டுவந்து சேர்ப்பதைவிடக் கடினமான வேலை, திரையில் கண்ணுக்குத் தெரியாத அளவுகளைக் கொண்டுவந்து சேர்ப்பதே.

1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' இதற்கு நல்ல சான்று. வரிசைக்குப் பதினொன்றாக ஐந்து வரிசைகளில் நிற்கும் 55 உருவங்களையும் ஒரே நேரத்தில் நகர்த்த அந்தப் பெட்டியின் கணிப்பொறிக்கு ஆற்றல் போதாததால், நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரத்துக்கு ஓர் உருவம் என்ற கணக்கில் அது நகர்த்தியது. படை முழுவதும் ஓரடி வைக்க ஏறத்தாழ ஒரு நொடி ஆயிற்று. உருவங்கள் அழிய அழிய எஞ்சியவற்றின் முறை விரைவில் வந்ததால் அவை தாமாகவே வேகம் கொண்டன, அவற்றுடன் நான்கே தாழ்ந்த சுரங்களாகத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் அடியும் துரிதமாயிற்று. வேகமான கருவிக்கு இதை எழுதுகிற ரசிகர், மூலத்தில் இயலாமையால் விளைந்த அந்த ஓட்டத்தைக் கணக்கிட்டு, வேண்டுமென்றே தாமதங்களை நுழைத்துத் திரும்பப் படைக்க வேண்டியிருக்கிறது. கருவிக்குக் கருவி தடையும் மாறும். தொண்ணூறுகளில் கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களின் பிள்ளைகள் 'டிவி கேம்' என்றும், அதில் செருகும் பெட்டியைக் 'கேசட்' என்றும் அழைத்த கருவி நிண்டெண்டோவின் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல். ஒரே கிடைக்கோட்டில் நகரும் உருவத் துண்டுகள் எட்டுக்கு மேல் அதில் தெரியா. பதினொன்று நிற்க வேண்டிய வரிசையை அங்கே நிறுத்துவதற்கு, படையையே பின்னணிச் சித்திரமாக வரைந்து நகர்த்துவது போன்ற உத்தி தேவைப்படும்.

இவற்றினும் நுட்பமானது குண்டின் தூரம். ஆடுபவர் சுட்ட குண்டு எதன்மீதாவது படும் வரை, அல்லது திரையின் உச்சியைத் தொட்டு மறையும் வரை, அடுத்த குண்டைச் சுட முடியாது என்பது மூலத்தின் விதி. ஆகவே குறி தவறினால் அதற்குரிய தண்டனை காத்திருப்பு. மூலப் பெட்டியின் திரை நெட்டாக நின்றது, வீட்டுத் தொலைக்காட்சியோ அகலமாகக் கிடக்கிறது. உயரம் குறைந்தால் தவறிய குண்டு சீக்கிரம் மறையும், காத்திருப்பு சுருங்கும், விளையாட்டு எளிதாகிவிடும். பார்வைக்கு அச்சு அசலாக இருக்கும் ஒரு போர்ட் கைக்கு வேறாகப் படுவது பெரும்பாலும் இத்தகைய இடங்களில்தான்.

குண்டு சென்று விழும் தூரமே விதியாக அமைந்த வரலாறு கடலூருக்கு உண்டு. 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு எட்டும் எல்லை வரையுள்ள நிலமும் விற்பனையில் அடக்கம் என்று ஒப்பந்தமாயிற்று. பல திசைகளிலும் பீரங்கி சுடப்பட்டது, குண்டு விழுந்த இடங்கள் எல்லையாயின, கடலூர் நகரமும் உள்ளே அகப்பட்டது. புனித டேவிட் கோட்டை என்று பின்னர் பெயர் பெற்ற அதைச் சூழ்ந்த அவ்வூர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்ற பெயர் நிலைத்தது. வேறொரு பீரங்கியும் வேறு கைகளும் வாய்த்திருந்தால் வேறு ஊர்கள் உள்ளே வந்திருக்கும் என்பதை எண்ணும்போது, ஒரு குண்டின் பாய்ச்சலை அளந்து அளந்து திருத்தும் ரசிகரின் பிடிவாதம் மிகையாகத் தோன்றுவதில்லை.

அத்தகைய பிடிவாதம் பலித்ததும் உண்டு. மூன்று திரைகளை ஒட்டி ஒன்றாக்கி டைட்டோ வெளியிட்ட 'டேரியஸ்' என்ற விளையாட்டை, ஒரே திரையில் ஆடும் பழைய வீட்டுக் கருவியான சேகா மெகா டிரைவுக்கு ஒரு ரசிகர் தம் விருப்பத்தின் பேரில் எழுதத் தொடங்கினார். அந்த முயற்சி 2019-இல் சேகாவின் மெகா டிரைவ் மினி கருவியில் முறைப்படி இடம்பெற்றது.

கொள்ளாத கலத்தில் கொள்ளவைக்கும் இந்த வேலையின் உச்சத்தைச் சிதம்பரம் நடராசர் கோயிலின் கோபுர வாயில்களில் காணலாம். கரணம் என்பது கையும் காலும் உடலும் சேர்ந்து நிகழ்த்தும் ஓர் ஆடல் அலகு. பரதரின் நாட்டிய சாத்திரம் 108 கரணங்களை விவரிக்கிறது. கிழக்கு வாயிலின் உட்சுவர்களில் அவை கல்லில் செதுக்கப்பட்டு, உரிய சுலோகங்கள் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. கரணத்துக்குத் தொடக்கமும் ஓட்டமும் முடிவும் உண்டு, கல்லுக்கோ ஒரு கணம்தான் உண்டு. அந்த ஒரு கணத்தைத் தேர்ந்த சிற்பி மற்றவற்றைக் கைவிட்டாக வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இதையே ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்ற பத்மா சுப்ரமணியம், இவை நின்ற கோலங்கள் அல்ல, இயக்கங்களின் நடுக்கணங்கள் என்று நிறுவி, சுலோகத்தையும் சிற்பத்தையும் சேர்த்துப் படித்து அசைவை மீண்டும் உடலுக்குக் கொண்டுவந்தார். பலகைகள் சிறியவை, நீட்டிய கையும் தூக்கிய காலுமாக ஆடும் பெண்ணே அவற்றின் பெரும்பகுதியை நிறைத்துவிடுகிறாள். ஆயினும் பல பலகைகளில், அவளுடைய தூக்கிய காலுக்கு அப்பால் எஞ்சிய மூலையில், முழவைத் தட்டியபடி ஒரு சிறிய தாளக்காரர் செதுக்கப்பட்டிருக்கிறார்.