எமுலேட்டர்ல எல்லாமே நல்லாத்தான் ஓடும்

மக்களே, ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதான் ரெண்டு மாசமா எழுதவே இல்லை. இப்ப புடுங்கிட்டிருக்கிற ஆணி ஒரு மொபைல் ஆப். பால் சொசைட்டியில காலங்காத்தால பாலை அளந்து லிட்டர், கொழுப்பு, எஸ்என்எஃப் மூணையும் ஏத்துறவங்களுக்கானது. இந்த எண்களை வச்சுத்தான் மாடு வச்சிருக்கவங்களுக்குக் காசு. ஒரு வரி தொலைஞ்சா ஒருத்தரோட அன்னிக்குப் பால் காசு போச்சு.

எழுதறது ரியாக்ட் நேட்டிவ்ல. 2015ல ஃபேஸ்புக் வெளியிட்ட சரக்கு. ஒரே கோடு, ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டுலயும் ஓடும். (ஐபோன் எதுக்குன்னு கேக்காதீங்க. ரிப்போர்ட் பாக்குற அதிகாரிங்க கையில அதுதான் இருக்கு.) எழுதறதுதான் ஒரு தடவை, டெஸ்ட் பண்றது ரெண்டு தடவைங்கிறதை மட்டும் யாரும் சத்தமா சொல்ல மாட்டாங்க.

டீம்ல புதுசா சேர்ந்த தம்பி மொத நாளே வந்து நின்னான். "ப்ரோ, சர்வர் என் மேக்லதான் ஓடுது. ஐபோன் சிமுலேட்டர்ல டேட்டா வருது, ஆண்ட்ராய்டுல வரலை." எல்லாரும் ஒரு தடவை முட்டிக்கிற சுவர் இது. லோக்கல்ஹோஸ்ட்னா 'நான் இருக்கிற மெஷின்'னு அர்த்தம். ஐபோன் சிமுலேட்டர் மேக்குக்குள்ள ஓடற இன்னொரு ப்ரோகிராம், மேக்கோட நெட்வொர்க்தான் அதுக்கும். ஆண்ட்ராய்டு எமுலேட்டரோ தன்னைத் தனி போன்னே நினைச்சுக்கும். அங்கேர்ந்து லேப்டாப்பைப் புடிக்கணும்னா 10.0.2.2ன்னு கூப்பிடணும். நிஜ ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பில சொருகினா இன்னும் கூத்து. 8081 போர்ட்டை ரியாக்ட் நேட்டிவே லேப்டாப்புக்குத் திருப்பி விட்டுடும், ஆப் ஜம்முனு திறக்கும். நம்ம சர்வர் இருக்கிற 3000ஐ நாமதான் ஏடிபி ரிவர்ஸ் போட்டுத் திருப்பணும். போடலைன்னா ஆப் திறக்கும், உள்ள காலி. பேய் பங்களா மாதிரி.

அப்புறம் ரிலீஸ் பில்டு. 2018ல வந்த ஆண்ட்ராய்டு 9லேர்ந்து வெறும் எச்டிடிபிக்குத் தடா, டீபக் பில்டுக்கு மட்டும் விலக்கு கொடுத்து வச்சிருப்பாங்க. டெஸ்ட் சர்வருக்கும் எச்டிடிபிஎஸ் போட்டுத் தொலைச்சிடறது உத்தமம்.

இதெல்லாம் ஒரு நாள் வேலை. என் சண்டை வேற. "எமுலேட்டர்தான் இருக்கே, டெஸ்டுக்குப் போன் எதுக்கு?"ன்னார் மேனேஜர். எமுலேட்டருக்குப் பின்னாடி 16 ஜிபி லேப்டாப் இருக்கு சார், சொசைட்டிக்காரர் கையில அது இல்லையேன்னு ரெண்டு மீட்டிங்ல சொல்லிப் பாத்தேன். மூணாவது மீட்டிங்குக்குக் காத்திருக்காம ரிச்சி தெருவுக்குப் போய் 2 ஜிபி ராம் உள்ள பழைய போன் ஒண்ணு என் காசுல வாங்கிட்டு வந்துட்டேன்.

பில்ட் நம்பரை 7 தடவை தட்டி டெவலப்பர் ஆப்ஷனைத் திறந்து, ஆப்பை ஏத்தி, எழுத்தைப் பெருசாக்கி, தமிழுக்கு மாத்தினோம். 'சேவ்'னு சமத்தா இருந்த பட்டன் 'சேமிக்கவும்' ஆனதும் பாதியில வெட்டுப்பட்டு நின்னுச்சு. கீபோர்டு மேல வந்தா அந்தப் பாதியும் மறைஞ்சு போச்சு. சரி, சரி பண்ணிடலாம்.

அடுத்ததுதான் வயித்தைக் கலக்கினது. லிட்டர் 6.4, கொழுப்பு 4.1ன்னு அடிச்சிட்டிருக்கும்போது தம்பியை விட்டுக் கால் பண்ணச் சொன்னேன். பேசி முடிச்சு, ஒரு போட்டோ எடுத்துட்டுத் திரும்ப வந்தா ஆப் மொதல்லேர்ந்து ஆரம்பிக்குது. அடிச்ச எண்ணெல்லாம் காணோம். மெமரி பத்தலைன்னா பின்னாடி போன ஆப்பை ஆண்ட்ராய்டு சத்தமில்லாம போட்டுத் தள்ளிடும். லேப்டாப் மெமரியைத் தின்னு கொழுத்த எமுலேட்டர்ல ஆறு வாரமா இது ஒரு தடவை கூட நடக்கலை. அஞ்சரை மணிக்கு வாசல்ல க்யூ நிக்குது, அளந்த பாலைப் பெரிய கேன்ல ஊத்தியாச்சு. திரும்ப அளக்க முடியுமா, சொல்லுங்க?

இப்ப எண்ணு அடிக்க அடிக்கவே போனுக்குள்ள எஸ்க்யூலைட்ல விழுந்துடுது, நெட் வந்தப்புறம் சர்வருக்குப் போகும். ஏரோப்ளேன் மோட்ல போட்டு, நடுவுல சுவிட்ச் ஆஃப் பண்ணி, எல்லாம் பாத்தாச்சு. ஒண்ணும் தொலையலை.

டெமோ பாத்த மேனேஜர் "இதே மாதிரி இன்னும் ரெண்டு போன் வாங்கிடு, மூணுக்கும் பில் கொடு"ன்னுட்டார். ரிச்சி தெருவுல பழைய போனுக்குப் பில் கேட்டா அந்தக் கடைக்காரர் என்னை எப்படிப் பாப்பார்னுதான் யோசிச்சிட்டிருக்கேன்.